முதலுதவி: உடனிருப்போர் கடமை

நுழையும்முன்

விபத்தும் திடீர் நோயும் மருத்துவமனை வாயிலில் காத்திருந்து நிகழ்வதில்லை. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் ஆய்வகத்திலும் படிக்கட்டிலும் அவை நிகழ்கின்றன. மருத்துவ உதவி வந்து சேரும்வரை உள்ள சில நிமிடங்கள் அருகில் இருப்பவர் கையில்தான் உள்ளன. பள்ளியில் அவ்வாறு அருகில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு மாணவரே. அம்மாணவர் எவற்றை அறிந்திருக்க வேண்டும், எவ்வாறு செயற்பட வேண்டும், எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நால்வருள் ஒருவர்

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார் வள்ளுவர். நோயுற்றவர், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு ‘உழைச்செல்வான்’ என்னும் நான்காமவரையும் அவர் சேர்த்து எண்ணுகிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து வேண்டுவன செய்பவரே உழைச்செல்வான். மருத்துவருக்கும் மருந்துக்கும் நிகரான ஓர் இடத்தைப் பக்கத்தில் நிற்பவருக்கும் வள்ளுவர் அளித்திருப்பது எண்ணத்தக்கது.

அவரிடம் இருக்க வேண்டிய பண்புகள் நான்கு எனப் பரிமேலழகர் தம் உரையில் விளக்குகிறார். நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகியன அவை. மருத்துவர் வருவதற்கு முன்பே உழைச்செல்வாரின் பணி தொடங்கிவிடும் சூழல்களும் உண்டு. அச்சூழலில் ஆற்றும் பணியையே இன்று நாம் முதலுதவி என்கிறோம். பள்ளிகளில் இயங்கும் மாணவர் முதலுதவி அணிக்கும் அந்நான்கு பண்புகளே இலக்கணமாக அமைகின்றன.

தண்ணீர் சுமந்த சிறுவர்கள்

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இத்தாலியின் வடபகுதியில் உள்ள சோல்பரினோ என்னும் ஊரருகே பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களினும் பன்மடங்கினர் காயமுற்றனர். காயமுற்ற வீரர்கள் அருகிலிருந்த காஸ்டிக்லியோனே என்னும் சிற்றூருக்குக் கொண்டுவரப்பட்டனர். தேவாலயங்களும் வீடுகளும் நிரம்பின. மருத்துவர்களோ மிகச் சிலரே இருந்தனர்.

வணிகம் தொடர்பாக அப்பக்கம் வந்திருந்த சுவிட்சர்லாந்து நாட்டினரான ஹென்றி டூனாண்ட், ஊர்ப் பெண்களை ஒன்றுதிரட்டிப் பணியில் இறங்கினார். காயங்களைக் கழுவினர், கட்டுப் போட்டனர், நாவறண்டோர்க்கு நீர் அளித்தனர். எந்நாட்டு வீரர் என்று எவரும் வேறுபாடு பார்க்கவில்லை. அனைவரும் உடன்பிறந்தோரே என்பது அப்பெண்களின் வாய்மொழியாயிற்று. ஊர்ச் சிறுவர்கள் வாளிகளிலும் குவளைகளிலும் நீரூற்றிலிருந்து தண்ணீர் சுமந்து தேவாலயத்திற்கும் நீரூற்றுக்குமாக ஓடியதையும் டூனாண்ட் குறித்து வைத்தார்.

தாம் கண்டவற்றை 1862இல் அவர் நூலாக வெளியிட்டார். போர் மூண்ட பின்னர் உதவியாளரைத் தேடுவதனால் பயனில்லை. அமைதிக் காலத்திலேயே அவர்களைப் பயிற்றி அணியமாக வைத்திருத்தல் வேண்டும் என்பதே அந்நூலின் வேண்டுகோள். அதன் பயனாக 1863இல் ஜெனீவா நகரில் தோன்றிய குழுவே செஞ்சிலுவை இயக்கமாக வளர்ந்தது. 1901இல் முதன்முதலாக வழங்கப்பெற்ற அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற இருவருள் டூனாண்டும் ஒருவர்.

அன்பு இருந்தும் ஆயத்தம் இல்லாமையால் இழந்த உயிர்கள் பல என்பதே காஸ்டிக்லியோனே கற்பித்த பாடம். தண்ணீர் சுமந்த சிறுவர்களிடம் விருப்பம் இருந்தது, பயிற்சி இல்லை. அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியே முதலுதவிக் கல்வி.

பள்ளிக்குள் வந்த பணி

பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் நோக்கத்துடன் 1877இல் இங்கிலாந்தில் புனித ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. முதல் உலகப்போர்க் காலத்தில் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பள்ளி மாணவர்களைக் கொண்ட இளஞ்செஞ்சிலுவை அமைப்பு உருவாயிற்று. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்தது. உடல்நலம், தொண்டு, நட்புறவு ஆகிய மூன்றையும் இளஞ்செஞ்சிலுவை தன் நோக்கங்களாகக் கொண்டுள்ளது. காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும், சாரண சாரணியர் இயக்கமும் நம் பள்ளிகளில் இப்பணிக்குத் துணை நிற்கின்றன.

நார்வே நாட்டில் 1961 முதலே உயிர்மீட்புப் பயிற்சி பள்ளிக் கல்வியில் இடம்பெற்று வருகிறது. பன்னிரண்டு வயது முதல் ஆண்டுதோறும் இரண்டு மணி நேரம் மாணவர்க்கு இதயஇயக்க மீட்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்னும் பரிந்துரைக்கு 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஒப்புதல் அளித்தது. மாணவரால் இயலுமா என்னும் ஐயத்தை இவை போன்ற முயற்சிகள் பெரிதும் நீக்கியுள்ளன.

அறிவுடைமை: செய்வனவும் தவிர்ப்பனவும்

முதலுதவியில் அறிவு என்பது செய்ய வேண்டியதை அறிவது மட்டுமன்று. செய்யக் கூடாததை அறிவதும் ஆகும். நம்மிடையே வழங்கும் பல பழக்கங்கள் நல்லெண்ணத்தில் தோன்றியவையே. ஆயினும் அவை தீங்கு விளைவிக்கின்றன.

வலிப்பு வந்த ஒருவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். அடங்கிய நேரத்தில் சாவி கையில் இருந்ததால், சாவியே அடக்கியது என்னும் நம்பிக்கை வளர்ந்துவிட்டது. சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றுதல், தலைக்கு அடியில் மென்மையான துணியை வைத்தல், கழுத்துப் பட்டியைத் தளர்த்துதல், வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்தல் ஆகியனவே செய்யத் தக்கவை. கை கால்களை அழுத்திப் பிடித்தலும் வாயில் எதையேனும் வைத்தலும் கூடா. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

தீக்காயத்தின்மீது பற்பசை, காப்பித்தூள், மை ஆகியவற்றைப் பூசுவது மற்றொரு வழக்கம். இவை புண்ணின் வெப்பத்தை உள்ளேயே தேக்குவதுடன் தொற்றுக்கும் இடமளிக்கின்றன. ஓடும் குழாய்நீரில் ஏறத்தாழ 20 நிமிடம் காயத்தைக் குளிர்வித்தலே முறை. பனிக்கட்டியை நேரடியாக வைத்தல் ஆகாது. வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டாலும் மிகுதியான நீரால் இடைவிடாது கழுவுதலே முதற்பணி.

மூக்கில் குருதி வடியும்போது தலையை அண்ணாந்து பார்க்கச் செய்வது தவறு. குருதி தொண்டைக்குள் இறங்கும். அமர்ந்து, சற்று முன்னே குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிடச் செய்ய வேண்டும். வெட்டுக்காயத்தில் குருதி பெருகினால் தூய துணியை வைத்து நேரடியாக அழுத்த வேண்டும். ஆழக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்குதல் கூடாது.

பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுகக் கட்டுவதும் ஆபத்தானவை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். நாய் கடித்தால் வழலைக்கட்டியும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, காலம் தாழ்த்தாது தடுப்பூசிக்கு அனுப்ப வேண்டும்.

| தெரிந்து தெளிவோம் |
இதயம் நின்றுபோன ஒருவருக்குக் குருதியோட்டம் இல்லாத நிலையில் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிப்புறத் தொடங்கும். அழைத்தாலும் தட்டினாலும் உணர்வு வராமல், இயல்பான மூச்சும் இல்லாதவர்க்கு மார்பின் நடுவே இரு கைகளாலும் அழுத்தம் தர வேண்டும். வயது வந்தோர்க்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறினை மிகாமலும் மார்பு அமிழ வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். இதனைப் பயிற்சிப் பொம்மையில் மட்டுமே பழக வேண்டும். நலமாக உள்ள நண்பர்மீது செய்து பார்த்தல் கூடாது.

தூய்மை: கையும் பெட்டியும்

முதலுதவிப் பெட்டி பல பள்ளிகளில் உண்டு. அது பூட்டிய அலமாரிக்குள் இருப்பதும், திறந்து பார்த்தால் காய்ந்த பஞ்சும் காலாவதியான மருந்தும் இருப்பதும் உண்டு. மாணவர் அணி ஒன்று இயங்கும் பள்ளியில் பெட்டி என்பது கிழமைதோறும் சரிபார்க்கப்படும் பொருள். தொற்றுநீக்கிய மெல்லிய துணி, சுருள்கட்டு, முக்கோணக் கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, கத்தரிக்கோல், கையுறை, தொற்றுநீக்கி, உடல் வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழலைக்கட்டி ஆகியன அதில் இருத்தல் வேண்டும். எடுத்த பொருளை அன்றே நிரப்புதல் முறையாகும்.

உதவி செய்யும் முன்னும் பின்னும் கைகளைக் கழுவுதல், பிறர் குருதியைக் கையுறையின்றித் தொடாமை, பயன்படுத்திய பஞ்சைத் தனிப் பையில் இட்டு முறைப்படி அகற்றுதல் ஆகியன உதவி பெறுபவரையும் உதவி செய்பவரையும் ஒருசேரக் காக்கின்றன.

சொல்லியவாறே செய்தல்: எல்லை அறிதல்

ஆர்வம் மிக்க இளையோர்க்குக் கடினமான பண்பு இதுவே. முதலுதவி செய்பவர் மருத்துவர் அல்லர். நோய் இன்னதென்று அவர் முடிவு செய்தல் கூடாது. தலைவலி என்று வருபவர்க்குத் தாமாக மாத்திரை எடுத்துத் தருதலும் கூடாது. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து மற்றொருவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கலாம். உயரத்திலிருந்து விழுந்து கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, அவ்விடத்தில் வேறு ஆபத்து இல்லாதவரை, தூக்கி நிறுத்துதல் கூடாது. நீரில் மூழ்குபவரைக் காக்க, மீட்புப் பயிற்சி பெறாதவர் குதித்தல் கூடாது. கயிறோ கழியோ நீட்டுதல் வேண்டும். மின்தாக்குதலுக்கு உள்ளானவரைத் தொடும் முன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். தம்மைக் காத்துக்கொள்ளாதவர் இரண்டாவது நோயாளியாகிவிடுவார்.

எனவே அணியினர் எப்போதும் இருவராகச் செல்வர். ஒருவர் நோயுற்றவருடன் இருப்பார். மற்றவர் பொறுப்பாசிரியரை அழைத்துவருவார். ஆசிரியர் வந்ததும் மூன்று செய்திகளைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும்: என்ன நிகழ்ந்தது, எப்போது நிகழ்ந்தது, இதுவரை என்ன செய்யப்பட்டது. 108 எண்ணை அழைக்கும்போது இடத்தையும் அதன் அடையாளத்தையும் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் கையில் ஒப்படைக்கும் நேரத்தில் முதலுதவி செய்தவரின் பணி நிறைவுறுகிறது.

அன்புடைமை: மானம் காத்தல்

மயங்கி விழுந்த மாணவரைச் சுற்றி ஐம்பது பேர் கூடிவிடுவது நாம் அறிந்த காட்சி. காற்று தடைப்படுவதோடு, விழித்தெழுபவர் காணும் முதற்காட்சியாகவும் அக்கூட்டமே அமைகிறது. கூட்டத்தை விலக்குவதும் முதலுதவியே. ஆடை விலகியிருந்தால் போர்வை போர்த்துதல், மாணவிக்கு மாணவியரே அருகிருந்து உதவுதல், அமைதியான குரலில் பெயர் சொல்லி அழைத்துத் தைரியம் கூறுதல் ஆகியன மருந்தில்லாத சிகிச்சைகள்.

வலிப்புக்கு உள்ளான மாணவர் மறுநாள் பள்ளிக்கு வரத் தயங்குவது நோயினால் அன்று, பிறர் பேச்சினால். கண்டதை வெளியே சொல்லாமையும், படம் எடுக்காமையும், பட்டப்பெயர் இட விடாமையும் உதவியின் பகுதிகள். காயம் ஆறச் சில நாள்கள் போதும். வகுப்பறையில் எழுந்த ஏளனம் ஆற ஆண்டுகள் ஆகலாம். இதனை உணர்ந்தவரே இவ்வணிக்கு உரியவர்.

பதிவேடு கூறும் செய்தி

மாணவர் அணியின் மிகச் சிறந்த கருவி முதலுதவிப் பெட்டி அன்று. அதன் அருகில் உள்ள பதிவேடு. நாள், நேரம், இடம், நேர்ந்தது, செய்த உதவி, அனுப்பிய இடம் என ஆறு பத்திகள் போதும். பெயரும் வகுப்பும் பொறுப்பாசிரியர் வசமுள்ள தனிக் குறிப்பில் இருத்தல் நலம்.

ஒரு திங்கள் முடிவில் அப்பதிவேட்டைப் புரட்டுவதாகக் கொள்வோம். குடிநீர்த்தொட்டி அருகே வழுக்கி விழுந்தோர் ஐவர் என்றால், தேவைப்படுவது மேலும் ஒரு சுருள்கட்டு அன்று. தொட்டியடியில் படிந்த பாசியைச் சுரண்டும் ஏற்பாடு. காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுவோர் பலர் என்றால், அவர்கள் காலை உணவு உண்டு வருகிறார்களா என்பதை ஆசிரியர் தனியே, பிறர் அறியாமல், கேட்டறிய வேண்டும். முகத்தில் தெளிக்கும் நீர் பசியைத் தீர்ப்பதில்லை. விபத்திற்குப் பின் உதவும் அணி, விபத்திற்கு முன்பே காக்கும் அணியாக வளர்வது இவ்வாறுதான்.

ஓர் ஐயமும் விடையும்

‘படிக்கும் பிள்ளைகளிடம் உயிர் காக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாமா? ஏதேனும் தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?’ எனப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது இயல்பு. அவ்வினாவில் அக்கறை உள்ளது. ஆனால் மாணவர் அணி இல்லாத பள்ளியிலும் விழுந்தவர் அருகில் முதலில் இருப்பவர் மாணவரே. அவர் அருகில் இருப்பதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. அவர் அறிந்தவராக இருப்பதா, அறியாதவராக இருப்பதா என்பதை மட்டுமே முடிவு செய்ய இயலும். பொறுப்பாசிரியரின் மேற்பார்வை, தகுதியுடையோர் தரும் பயிற்சி, ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல், எல்லையை எழுதி வைத்தல் ஆகிய நான்கும் அமைந்தால் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பள்ளிக்கு வெளியேயும் இவ்வறிவு பயன்படும். சாலை விபத்தில் காயமுற்றவர்க்கு உதவினால் வழக்கில் சிக்க நேரும் என்னும் அச்சம் நெடுங்காலமாக மக்களிடம் இருந்தது. உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்பளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அப்பாதுகாப்பைச் சட்டப் பிரிவாகவே ஆக்கியது. நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டம் காக்கிறது. ஆகவே விலகிச் செல்வதற்கு அச்சம் இனி காரணமாகாது. அறியாமை மட்டுமே எஞ்சியுள்ளது. அதனை நீக்கும் இடம் பள்ளி.

நிறைவாக

மேனிலை வகுப்பை முடித்து மாணவர் பல துறைகளுக்குச் செல்வர். சிலர் மருத்துவராவர், சிலர் உழவராவர், சிலர் ஊர்தி ஓட்டுவர், சிலர் தொழிற்கூடங்களில் பணிபுரிவர். எத்துறைக்குச் சென்றாலும் ஒருநாள் எவரேனும் ஒருவர் அவர்கள் கண்முன் நிலைகுலையக்கூடும். அந்நொடியில் ‘யாராவது வாருங்கள்’ என்று கூவுபவராக நிற்பதும், ‘நான் இருக்கிறேன்’ என்று அருகே மண்டியிடுபவராக இருப்பதும் பள்ளிப் பருவத்தில் பெற்ற பயிற்சியைப் பொறுத்தன. வள்ளுவர் வகுத்த நான்கனுள் மருத்துவராகும் வாய்ப்புச் சிலருக்கே உரியது. உழைச்செல்வாராகும் வாய்ப்போ அனைவர்க்கும் உரியது.

சொல்லும் பொருளும்

உழை – பக்கம்
அணியம் – ஆயத்தம்
வழலைக்கட்டி – சோப்பு
நச்சுமுறி – நஞ்சின் விளைவை முறிக்கும் மருந்து

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் முதலுதவிப் பெட்டியைப் பொறுப்பாசிரியர் துணையுடன் ஆராய்ந்து, இருப்பன, இல்லாதன, காலாவதியானவை எனப் பட்டியலிடுக.
2. உங்கள் ஊரில் வழங்கும் முதலுதவிப் பழக்கங்கள் ஐந்தினைத் திரட்டி, அவற்றுள் ஏற்கத்தக்கன எவை, கைவிடத்தக்கன எவை என ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தாரிடம் கேட்டறிந்து வகுப்பில் உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. உழைச்செல்வான் என்பவர் யார்?
2. வலிப்பு ஏற்பட்டவரிடம் செய்யத் தகாதவை யாவை?

சிறுவினா
1. காஸ்டிக்லியோனே நிகழ்வு உலகிற்கு உணர்த்திய உண்மையை விளக்குக.
2. முதலுதவிப் பதிவேடு விபத்தைத் தடுக்கும் கருவியாவது எவ்வாறு?

நெடுவினா
பரிமேலழகர் கூறும் நான்கு பண்புகள் மாணவர் முதலுதவி அணிக்குப் பொருந்துமாற்றை எடுத்துக்காட்டுகளுடன் கட்டுரைக்க.